அறுபதாயிரம் லிட்டரும் அறுபது லிட்டரும்

சித்தூர் மாவட்டத்து மாம்பழத்தில் பெரும்பங்கு தட்டுக்கு வருவதில்லை, டிரம்முக்குத்தான் போகிறது. அங்கே தோத்தாபுரி என்றும் நம் பக்கம் கிளிமூக்கு, பெங்களூரா என்றும் சொல்கிற பழம் அது. கூழ் ஆலைகள் அதை வாங்கித் தோலும் கொட்டையும் நீக்கி, கிருமி புகாத பைகளில் அடைத்து, 215 கிலோ டிரம்களில் ஏற்றுமதி செய்கின்றன. ஆலை வாங்காவிட்டால் பழத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. 2025 சீசனில் அதுதான் நடந்தது. முந்தைய ஆண்டின் கூழே கிடங்கில் தேங்கியிருக்க, ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக மொத்தம் 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. பிறகு மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் 1.62 லட்சம் டன்னுக்கு, குவிண்டால் 1,490 ரூபாய் 73 காசு என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. இதற்கிடையே, ஜூன் மாதத்தில், வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எல்லையை அடைத்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா அதை எதிர்த்து ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதமே எழுதினார். பழத்துக்கே இந்தக் கதி என்றால், அந்தப் பழத்திலிருந்து வடித்த ஒரு புட்டிக்கு மாநில எல்லையில் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் தோத்தாபுரியில் தோலும் கொட்டையும் போக ஏறத்தாழ 550 கிலோ கூழ் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு சர்க்கரை என்றால் 77 கிலோ. ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் ஏட்டுக் கணக்கில் அரை கிலோவுக்குச் சற்று மேல் ஆல்கஹால் கிடைக்க வேண்டும். ஊறலில் போவதும் வடிப்பில் போவதும் கழித்தால் கைக்கு வருவது 40 லிட்டர் சுத்த ஆல்கஹால். அதை நம் ஊர்ப் புட்டிகளில் அச்சடித்திருக்கும் 42.8 சதவீதத்துக்குத் தண்ணீர் சேர்த்து இறக்கினால் 93 லிட்டர், அதாவது 750 மில்லி புட்டிகள் நூற்றிருபதுக்குக் கொஞ்சம் மேல். கிலோ 12 ரூபாய் என்றால் ஒரு புட்டிக்குள் இருக்கும் பழத்தின் விலை நூறு ரூபாய். விவசாயிக்கு இரட்டை விலை கொடுத்தாலும் இருநூறுதான். நல்ல பழச் சாராயத்துக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் விலையோடு பார்த்தால் இது தாங்கக்கூடிய செலவு. ஜெர்மனியில் செர்ரியும் பேரிக்காயும், பால்கன் நாடுகளில் பிளம்ஸும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் புட்டிக்குள் போகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதச் சீசனில் நாளுக்கு ஒன்றரை டன் பழம் எடுக்கும் ஒரு சிறு வடிசாலை மொத்தத்தில் 90 டன்தான் வாங்கும். லட்சக்கணக்கான டன் விளைகிற மாவட்டத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். மாம்பழ விவசாயியைச் சாராயம் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேள்வி அதைவிடச் சிறியது. அப்படி ஒருவர் சட்டப்படி ஒரு சிறு வடிசாலை வைக்க நினைத்தால் நம் விதிகள் அவரை எப்படி நடத்துகின்றன?

அந்த ஆலையைத் தடாவில் வைப்போம். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்துக்கு வந்திருக்கும் மண்டலம். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே ஸ்ரீசிட்டி, நடுவே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். தெற்கே எல்லையைத் தாண்டினால் ஆரம்பாக்கம், தமிழ்நாடு. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். ‘தடா போடுவது’ என்று தமிழில் நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்கும் இந்த ஊரின் பெயருக்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, மது விஷயத்தில் பெயர்ப் பொருத்தம் கச்சிதம். எல்லைக்கு வடக்கே பனையேறிக் கள் இறக்குவது உரிமம் உள்ள தொழில். தெற்கே 1987 ஜனவரி 1 முதல் அதே வேலை குற்றம். ஸ்ரீசிட்டியில் தயாராகும் சாக்லேட்டும் பற்பசையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் சென்னைக்குப் போகின்றன. பழச் சாராயம் அப்படிப் போக முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 8-ஆவது பதிவு மதுவின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, விற்பனை அனைத்தையும் மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. 51-ஆவது பதிவு அதன் மீதான ஆயத்தீர்வையையும் அவற்றிடமே விட்டிருக்கிறது. 1994-இல் கோடே வடிசாலை வழக்கில், மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலும் மாநில அதிகாரத்துக்குள் வரும் என்று அந்தப் பிடியை இன்னும் அகலமாக்கியது. ஆகவே மதுவைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. இதில் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதிகாரம் இருக்கிறது. அதை எந்த அளவுகோலால் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கோளாறு.

கோளாறு இதுதான்: நம் விதிகள் பெரிய ஆலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கரும்புப் பாகிலிருந்தோ உடைந்த அரிசியிலிருந்தோ உயரமான கோபுரக் கலங்களில் 96 சதவீத வீரியத்துக்கு வடித்து, வாசனையையும் சுவையையும் முழுக்க நீக்கிய இஎன்ஏ என்னும் சாராயம்தான் இந்திய மதுத் தொழிலின் அடித்தளம். அதில் நிறமும் மணமும் சேர்த்தால் பிராந்தி, ரம், விஸ்கி என்று நம் கடைகளில் விற்பவற்றில் பெரும்பகுதி தயார். இந்தத் தொழிலின் அலகு நாளுக்கு ஆயிரம் லிட்டர்களில் பேசும் அலகு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் பாருங்கள். கரும்புப் பாகு அல்லாத மூலப்பொருளில் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் குறைவாக வடிக்கும் ஆலைகளை எல்லாம் ஒரே வகையில் அது அடைத்தது. கீழே எங்கும் ஒரு வாசற்படி இல்லை. நாளுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வடிக்கும் ஆலையும், 60 லிட்டர் வடிக்கும் நம் தடாக்காரரின் சட்டியும் அந்த ஒரு வரிக்குள்தான். பாகு ஆலையில் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு எட்டிலிருந்து பதினைந்து லிட்டர் வரை வெளியேறும் பழுப்புக் கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்த வரலாறு உண்மையானது. பூநாரைகள் வந்து மேயும் பழவேற்காட்டுக் கரையில் அந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் நாளுக்கு ஒரு தண்ணீர் லாரிகூட நிரம்பாத பழக் கழிவை உரக்குழியில் மட்க வைக்கலாமா என்று கேட்பதற்குக்கூட அந்த அனுமதிக்கான மனுவில் இடம் இல்லை. தடையின்மைச் சான்றுகள் அதோடு முடிவதில்லை. நீராவியில் சூடேற்றினால் 25 லிட்டருக்கு மேற்பட்ட கொதிகலனுக்குத் தனிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம். எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஆளின் முதல் இரண்டு வருடத்தைத் தின்றுவிடும்.

அனுமதி கிடைத்து அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாங்கூழ் ஊறல் கெட்டியானது. கிளறாமல் விட்டால் செப்புச் சட்டியின் அடியில் பிடித்துக் கருகும், கருகல் வாடை கடைசிப் புட்டிவரை வரும். சூடு ஏறியதும் முதலில் சொட்டுவது நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல மூக்கைக் குத்தும், அதைத் தனியே எடுத்துக் கொட்டிவிட வேண்டும். நடுவே வருவதில்தான் பழம் இருக்கும். பிறகு ஈரச் சாக்கு நாற்றம் தலைகாட்டும்போது குழாயைத் திருப்பிவிட வேண்டும். எப்போது திருப்புவது என்பதை வெப்பமானி பாதிதான் சொல்லும். மீதியை மூக்குதான் சொல்ல வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் கைவேலை. ஆனால் ஆயத்தீர்வை முறையின் பழைய இலக்கணத்தில், வடிந்தது சேரும் தொட்டியில் அதிகாரியின் பூட்டு தொங்கும். கிடங்கில் இரட்டைப் பூட்டு, ஒரு சாவி ஆலையிடம், இன்னொன்று துறையிடம். அவர் விடுப்பில் போனால் கலப்பதும் நிரப்புவதும் நிற்கும். அதிகாரியை ஆலையிலேயே நிறுத்தி, அவருடைய சம்பளச் செலவை உரிமதாரரிடமே வசூலிப்பது பல மாநில விதிகளில் உண்டு. நாளுக்கு 60,000 லிட்டர் வடிக்கும் ஆலைக்கு அந்தச் சம்பளம் லிட்டருக்குக் காசுகளில் போகும். வருடம் முழுவதற்கும் சேர்த்து 3,600 லிட்டர் சுத்த ஆல்கஹால் வடிக்கும் சிறு ஆலை ஒரு அதிகாரிக்கு மாதம் 60,000 ரூபாய் கட்டினால், லிட்டருக்கு 200 ரூபாய், புட்டிக்கு 64 ரூபாய் அவருடைய சம்பளத்துக்கே போகும். அதாவது ஒரு புட்டிக்குள் இருக்கும் பழத்தின் விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. திருட்டைத் தடுக்க வைத்த காவலுக்கே வீட்டின் வாடகையில் பாதியைக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

காசு விஷயம் இங்கே தொடங்குகிறதே தவிர முடிவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு லேபிளுக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் உண்டு. பத்து லட்சம் பெட்டி விற்பவருக்கும் நூறு பெட்டி விற்பவருக்கும் அது பெரும்பாலும் ஒன்றே. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், கண்ணாடிப் புட்டிக்குக் கட்டிய 18 சதவீதத்தைச் சோப்புக் கம்பெனிபோல வரவு எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய ஆலை புட்டியை லட்சக்கணக்கில் வாங்கி விலையைக் குறைத்துக்கொள்ளும். பீப்பாயில் ஊறவைக்க ஆசைப்பட்டால் வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகப் போகும் என்பார்கள். பெங்களூரின் அம்ருத் ஆலையில் அது பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது. பழவேற்காட்டுக் கரையின் புழுக்கத்தில் அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. விதிகளோ கழிவுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் காணாமல் போனதற்கு வரி கேட்கும். காற்றில் கரைந்த சாராயத்துக்குத் தீர்வை கட்டுவது பெரிய ஆலைக்குக் கணக்கேட்டில் ஒரு வரி, சின்ன ஆலைக்கு அது லாபம் முழுவதும். விற்பனையிலும் இதே கதை. ஆந்திராவில் 2019 அக்டோபரில் அரசே கடைகளை எடுத்து நடத்தியது. 2024 அக்டோபரில் குலுக்கல் முறையில் 3,396 கடைகள் தனியாருக்குத் திரும்பின. ஆனால் இரண்டு காலத்திலும் மொத்த வியாபாரம் மாநிலப் பானக் கழகத்தின் கையில்தான். வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் எப்போது வாங்குவார், எப்போது பணம் தருவார் என்பதுதான் விற்பவரின் ஜாதகம். வெளிநாடுகளில் சிறு வடிசாலைகள் பிழைப்பது வாசலில் வந்து பார்த்து, ருசித்து, இரண்டு புட்டி வாங்கிப்போகும் பயணிகளால். விளம்பரமும் செய்ய முடியாத, வாசலிலும் விற்க முடியாத நாட்டில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தடா நெடுஞ்சாலை ஊர். நெடுஞ்சாலை ஓரக் கடைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பும் தனியே இருக்கிறது.

இதெல்லாம் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்திலேயே ஒரு சிறு வடிசாலை இருக்கிறது. தக்காணத்து வறண்ட நிலத்தில் வேலியோரமும் ரயில் பாதையோரமும் வளரும் ஆனைக்கற்றாழையைப் பார்த்து, மெக்சிகோக்காரர்கள் இதன் இனத்திலிருந்துதானே டெக்கீலா வடிக்கிறார்கள் என்று கேட்டவர் டெஸ்மண்ட் நசரேத். முற்றப் பத்தாண்டு அளவுக்கு எடுக்கும் செடி அது. முற்றியதும் மட்டைகளைச் சீவிவிட்டு, அன்னாசிபோன்ற நடுக்கிழங்கை வேகவைத்து, நசுக்கி, ஊறவைத்து வடிக்க வேண்டும். டெக்கீலா என்ற பெயர் 1974 முதல் மெக்சிகோவின் உடைமை, அதனால் கற்றாழைச் சாராயம் என்று மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். 2011-இல் ‘டெஸ்மண்ட்ஜி’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. எந்தக் கடைக்கு? சித்தூரில் அல்ல, ஐதராபாத்திலும் அல்ல, கோவாவில். 2018-இல் அதே நிறுவனம் இலுப்பைப் பூவிலிருந்து வடித்த மது வந்தபோதும் முதல் சந்தை கோவாதான். கோவாவின் காரணம் புரியாததல்ல. முந்திரிப் பழத்தில் ஃபெனி காய்ச்சும் நூற்றுக்கணக்கான சின்னச் சட்டிகளோடு வாழ்ந்து பழகிய ஆயத்தீர்வைத் துறை அது. 2009-இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-இல் அதை ‘நாட்டுச் சாராயம்’ என்ற வகையிலிருந்து தூக்கிப் பாரம்பரிய மதுவாக்கினார்கள். கடந்த பத்தாண்டில் பெயர் வாங்கிய இந்திய ஜின்களில் முக்கியமானவை கோவாவில் பிறந்ததும் இதனால்தான். சித்தூரின் கற்றாழையில் வடித்தது தன் பெயரைத் தேட மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தது என்பதே, அளவுகோல் எங்கே பிசகுகிறது என்பதற்குப் போதுமான சாட்சி.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். இருப்பதில் கனமானது இந்த மண்ணிலிருந்தே வருகிறது. தடா இருந்த பழைய நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டாவில்தான் 1992-இல் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டார்கள். எழுத்தறிவு வகுப்பில் படித்த ‘சீதம்மா கதை’ என்ற பாடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு அது. அதில் முன்னின்ற வர்தினேனி ரோசம்மாவின் பெயர் மாநிலம் முழுக்கப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995 ஜனவரியில் முதல்வர் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கையே நடைமுறைக்குக் கொண்டுவந்தார், 1997-இல் அது தளர்ந்தது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அதே மண்ணில் வடிசாலை வேண்டும் என்று எப்படிக் கேட்பது? பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண்கள் எதிர்த்தது எதை? அரசே ஏற்பாடு செய்து, குத்தகைதாரர் வழியாக, மலிவான பாக்கெட்டுகளில், கூலி வாங்கிய கையோடு கிடைக்கும்படி கிராமத்துக்குள் கொண்டுவந்து கொட்டிய சாராயத்தை. அவர்களுடைய கேள்வி எவ்வளவு, எவ்வளவு மலிவாக, வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் என்பது. ஆண்டுக்குப் பதினோராயிரம் புட்டி, ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேல் விலை என்ற பொருள் இந்த மூன்றிலும் அந்தப் பாக்கெட்டோடு ஒப்பிடத் தக்கதல்ல. அதே சமயம் 180 மில்லியை 99 ரூபாய்க்குக் கொடுப்போம் என்பது 2024-இன் அரசுக் கொள்கை. துபகுண்டாவின் பெயரால் எதிர்க்க வேண்டியது எதை என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மது உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழத்தில் வடித்தாலும் கேடு கேடுதான். ஆனால் கேட்டின் அளவு ஊருக்குள் புழங்கும் லிட்டரைப் பொறுத்தது, வடித்த சட்டியின் சுற்றளவைப் பொறுத்ததல்ல.

அடுத்த மறுப்பு பயத்திலிருந்து வருவது: சின்னச் சட்டியை அனுமதித்தால் கள்ளச்சாராயம் பெருகும், கள்ளக்குறிச்சி திரும்பும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தது மெத்தனாலால். அந்த விஷம் யாருடைய ஊறலிலும் ஊறி வந்ததல்ல, தொழிற்சாலைகளுக்கு வேதிப்பொருளாகப் போகும் மெத்தனால். 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் நடந்ததும் அதேதான். பழத்தில் இருக்கும் பெக்டின் என்னும் பசையிலிருந்து வடிப்பில் கொஞ்சம் மெத்தனால் வரும், மாம்பழம் விதிவிலக்கல்ல. அதைக் கணக்கில் எடுத்தே ஐரோப்பிய ஒன்றியம் பழச் சாராயத்துக்கு, நூறு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1,000 கிராம் என்று பொது வரம்பு வைத்திருக்கிறது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறைகளும் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஒவ்வொரு வடிப்பிலும் ஒரு புட்டி ஆய்வகத்துக்குப் போனால் போதும், விடை தெரிந்துவிடும். போலி மதுவின் முகமும் வேறு. 2025 அக்டோபரில், பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முலகலசெருவில் பிடிபட்ட போலி மது ஆலையில் யாரும் பழம் ஊறவைக்கவில்லை. ஸ்பிரிட், நிறமி, புட்டி, மூடி, அச்சடித்த லேபிள் என்று பெரிய ஆலைகளின் கலவை வேலையைத்தான் நகல் எடுத்திருந்தார்கள். பெயர் தெரிந்த ஆளாக, முகவரியோடு, ஆய்வகச் சீட்டோடு நிற்பவரைக் கண்டு பயந்து, ஸ்பிரிட் லாரியும் மெத்தனால் டிரம்மும் போகும் தடத்தை விட்டுவிடுவதில் பாதுகாப்பு எதுவும் கூடிவிடவில்லை.

சட்டியின் அளவைக் கொண்டு சாராயத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை புதியதும் அல்ல, பலித்ததும் அல்ல. 1814-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் 500 காலனுக்குக் குறைந்த சட்டிகளுக்குத் தடை விதித்தது. மலைக்காரர்கள் வடிப்பதை நிறுத்தவில்லை, ஒளித்து வடித்தார்கள். 1816-இல் 40 காலன்வரை இறக்கினார்கள். 1823-இல் பத்து பவுண்டு உரிமக் கட்டணத்தோடு தீர்வையையும் குறைத்ததும் கள்ளச் சட்டிகள் ஒவ்வொன்றாக உரிமத்துக்கு வந்தன. இன்று உலகம் விலை கொடுத்து வாங்கும் ஸ்காட்ச் அந்தச் சட்டத்தின் பிள்ளை. அதே பிரிட்டனின் வரித்துறை பின்னாளில் 1,800 லிட்டருக்குக் குறைந்த சட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தது. 2009-இல் சிப்ஸ்மித் நிறுவனம் 300 லிட்டர் செப்புச் சட்டிக்கு நெடுநாள் போராடி லண்டனில் உரிமம் வாங்கிய பிறகு, அங்கே சிறு ஜின் ஆலைகள் கிளம்பின. அமெரிக்கா 2017-இல் வேறு வழி எடுத்தது: முதல் ஒரு லட்சம் புரூஃப் காலனுக்குக் கூட்டாட்சித் தீர்வை காலன் ஒன்றுக்கு 13.50 டாலரிலிருந்து 2.70 டாலராகக் குறைந்தது, அதற்கு மேல் வடிப்பவர் கூடுதல் விகிதம் கட்ட வேண்டும். நமக்கு மிகவும் பொருந்துவது ஜெர்மனிதான் என்று நினைக்கிறேன். தென்பகுதியில் ஆயிரக்கணக்கான பழத்தோட்டக்காரர்கள் ஆண்டுக்கு 300 லிட்டர் சுத்த ஆல்கஹால்வரை வடித்துக்கொள்ளலாம். சட்டியில் பூட்டு இல்லை, காவலர் இல்லை. எத்தனை கிலோ, என்ன பழம், எந்த நாளில் அடுப்பு எரியும் என்று முன்கூட்டியே சுங்க அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பழத்துக்கு இவ்வளவு ஆல்கஹால் என்று முன்பே தீர்மானித்த அட்டவணைப்படி வரி. அதிகாரி எந்த நேரமும் வந்து நிற்கலாம். நம் ஆயத்தீர்வை விதிகளுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. குவிண்டால் பாகுக்கு இவ்வளவு சாராயம் வந்தாக வேண்டும் என்று பெரிய ஆலைகளிடம் கணக்குக் கேட்பவர்கள்தானே. தாமலசெருவு மாம்பழ மண்டியின் எடைச் சீட்டோ, கூழ் ஆலையின் டிரம் கணக்கோ கையில் இருந்தால், ஒரு டன்னுக்கு 40 லிட்டர் என்று நிர்ணயித்து வரியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். காவலர் சம்பளமும் மிச்சம், கசிவும் அரசுக்கு நஷ்டம் இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கே உறுத்துவது. மலையடிவாரத்தில் பானையில் காய்ச்சியவர் மீது வழக்கு, குளிர்சாதன அறையில் கிராஃப்ட் என்று பெயர் வைத்துக் காய்ச்சுபவருக்குச் சலுகையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுச் சிறு வடிசாலைக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. ஆனால் இதற்கு மறுபக்க உதாரணங்களும் உண்டு. யாழ்ப்பாணம் வடமராட்சியின் திக்கம் வடிசாலை, பனையேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களை நம்பி, பனங்கள்ளிலிருந்து சாராயம் வடிப்பதற்காக எழுந்தது. போரும் நிர்வாகச் சண்டைகளும் அதைப் படுத்தியபாடு தனிக் கதை, என்றாலும் உரிமம் யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு விடை. மத்தியப் பிரதேசம் இலுப்பைச் சாராயத்தைப் பாரம்பரிய மதுவாக்கி, பழங்குடிச் சுய உதவிக் குழுக்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. கேரளம் 2022-இல் பழங்களிலிருந்து வீரியம் குறைந்த ஒயின் செய்யச் சிறு அலகுகளுக்கு விதி வகுத்தது, வடிப்பதற்கு மட்டும் அங்கே அனுமதி இல்லை. ஆந்திராவே 2024-இல் கள் இறக்கும் சமூகங்களுக்குப் பத்து சதவீதக் கடைகளை, 340-ஐ, ஒதுக்கியது. கடையில் ஒதுக்க முடிந்ததை வடிசாலையில் ஒதுக்க முடியாதா? கட்டணமும் காவலும் சட்டியின் அளவுக்கு இறங்காதவரை, உள்ளே நுழைய முடிகிறவர் பணக்காரர் மட்டுமே. பானைக்காரரை வெளியே நிறுத்துவது சிறு வடிசாலைக்குக் காட்டும் சலுகை அல்ல, அதற்குச் சலுகையே இல்லாத நிலை.

இவ்வளவும் ஆந்திர அரசு நினைத்தால் செய்யக்கூடியவை: சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கீழே ஒரு வாசற்படி கேட்டு மத்திய அரசுக்கு எழுதுவது, ஒரு அதிகாரிக்கு நாலைந்து சிறு ஆலைகளைப் பொறுப்பாகக் கொடுப்பது, வடிக்கும் அளவுக்கு ஏற்ற லேபிள் கட்டணம், ஆலை வாசலில் ஆண்டுக்கு இத்தனை புட்டி என்று எண்ணி விற்கும் உரிமை. செய்தாலும் தெற்குப் பக்கம் ஒன்றும் மாறாது. சில்லறை மது முழுவதையும் 2003 முதல் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக், 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது. அந்த வருமானத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகளின் சரக்கே சுமக்கும்போது, பதினோராயிரம் மாம்பழப் புட்டிக்காகத் தனி அலமாரி திறக்க அங்கே யாருக்கும் அவசரம் இருக்கப்போவதில்லை. தடாவிலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரம். அங்கே வடித்த புட்டி ஆரம்பாக்கம் பக்கம் திரும்பினால் கடத்தல் சரக்கு. ஆகவே அது லாரியேறி, ஏற்றுமதி அனுமதியும் இறக்குமதி அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு, சித்தூர் கற்றாழை போன வழியிலேயே கோவாவுக்குப் போகும். அங்கே கடலோரக் கடையில் அதை வாங்கி வருபவர்களில் சிலர் சென்னைக்காரர்களாகவும் இருக்கலாம்.